மற்றதைத் தொடாதே

கதைக்குப் படம் வேண்டும் என்று ஆசிரியர் திங்கட்கிழமை சொன்னார். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வழக்கமாக வரைந்து தரும் ஓவியர், மகள் பிரசவம் என்று ஊருக்குப் போயிருந்தார். “ஏஐல போட்டு ஒண்ணு எடுத்துருங்களேன்” என்றார் ஆசிரியர், கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு வரச் சொல்வதுபோல.

கதை சிவகங்கைப் பக்கத்துப் பாட்டி ஒருத்தியைப் பற்றியது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். சிவப்புக் கண்டாங்கி கட்டியிருக்கிறாள். காதில் பாம்படம், பக்கத்தில் பித்தளைச் செம்பு, வாசலில் கோலம். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளிலும் அதற்குப் பிறகும் லேஅவுட் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிறுக்கி வைத்தவை இவை.

*

முதல் படம் பத்து விநாடியில் வந்தது. அழகான படம்தான். பாட்டி தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஜிமிக்கி. செம்புக்கு அரேபியக் கூஜா மாதிரி மூக்கு நீண்டிருந்தது. கோலம் இருக்க வேண்டிய இடத்தில் கலர்ப் பொடி ரங்கோலி.

“இன்னும் கொஞ்சம் நம்ம ஊர் மாதிரி” என்று தட்டினேன். அடுத்த படத்தில் பாட்டிக்குப் பின்னால் ஒரு கோபுரம் முளைத்திருந்தது. நெற்றிப் பொட்டு எட்டணா அளவுக்குப் பெரிதாகியிருந்தது. பெஞ்சு அப்படியே இருந்தது.

*

“நம்ம ஊர் மாதிரி”, “இயல்பா”, “கொஞ்சம் உயிரோட்டமா”. இப்படியெல்லாம் நம் ஓவியரிடம் சொல்லலாம். இருபது வருஷப் பழக்கம். எனக்கு எது உறுத்துகிறது என்று அவருக்குத் தெரியும். இந்த யந்திரத்துக்கு அது ஒரு திசையும் காட்டாது. எங்கேயோ ஏதோ மாற்ற வேண்டும் என்று மட்டும் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திவிடும்.

எனக்கு உதவிய ஒரே வழி, போட்டோவில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது. ‘திண்ணை’ என்ற சொல்லை விட்டுவிட்டு இப்படி எழுதினேன்: “வீட்டு முன்சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்ட் மேடை. முழங்கால் உயரம். மேற்பரப்பு சிவப்புப் பூச்சு, தேய்ந்து பளபளக்கிறது. ஓரத்தில் ஓட்டுக்கூரையைத் தாங்கும் ஒரு மரத்தூண்.” திண்ணை வந்துவிட்டது. பெயரைச் சொன்னபோது வராதது அடையாளம் சொன்னதும் வந்தது. தெரியாத ஊரில் பெயர் சொன்னால் ஆள் அகப்படுவதில்லை. “மாடி வீடு, பச்சைக் கேட்டு, வாசலில் வேப்பமரம்” என்றால் அகப்படுகிறார்.

*

முதலில் “முதுகுச் சாய்வு இல்லாத மேடை” என்று எழுதியிருந்தேன். முன்பைவிட நல்ல சாய்வோடு வந்தது.

இதற்குக் காரணம் உண்டு. இந்த யந்திரங்கள் படிப்பது படங்களையும், படங்களோடு ஒட்டியிருக்கும் குறிப்புகளையும். லாயன்-5பி என்ற திரட்டில் அப்படிப்பட்ட சோடிகள் 585 கோடி. படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர் படத்தில் உள்ளதைத்தான் எழுதுவார். “யானை இல்லாத குளம்” என்று எழுதி எவரும் போட்டோவைப் போடுவதில்லை. அதனால் யானை என்ற சொல் வந்தாலே யானை வந்துவிடுகிறது. பின்னால் வரும் ‘இல்லாத’ அதன் காதில் விழுவதில்லை. இப்போதைய கருவிகள் பரவாயில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

“பெஞ்சை எடுத்துவிடு” என்றால் கேட்கிறது. அது கட்டளை. திருத்தும் யந்திரங்களுக்கு ‘எடு’, ‘மாற்று’, ‘சேர்’ என்று தனியாகவே பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

*

அந்தப் பாடம் நடத்திய கதை சுவாரசியமானது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் யந்திரம் 2022 ஆகஸ்டில் வெளியானபோது, பிராம்ப்டில், அதாவது நாம் தட்டும் வாக்கியத்தில், ஒரு சொல்லை மாற்றினால் படமே வேறாகிவிடும். நாயைப் பூனையாக்கச் சொன்னால் பூனை வரும். கூடவே சோபாவும் ஜன்னலும் மாறியிருக்கும். அதே மாதம் கூகிளில் அமிர் ஹெர்ட்ஸும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். எந்தச் சொல் படத்தின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பதற்கு யந்திரத்துக்குள்ளேயே ஒரு வரைபடம் இருக்கிறது. அதை இறுகப் பிடித்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றினால் மற்றவை நிற்கும் என்பது அவர்கள் கண்டது.

நவம்பரில் பெர்க்லியிலிருந்து டிம் புரூக்ஸ், அலெக்சாண்டர் ஹொலின்ஸ்கி, அலெக்ஸி எஃப்ரோஸ் மூவரும் ‘இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ்’ கொண்டுவந்தார்கள். சாதாரண வாக்கியத்தில் “வானத்தில் வாணவேடிக்கை சேர்” என்றால் சேர்க்கும். இதைக் கற்பிக்க முந்தைய படம், கட்டளை, பிந்தைய படம் மூன்றும் வேண்டும். அப்படி லட்சக்கணக்கில் உலகில் எங்கே கிடைக்கும்? கிடைக்காது என்பதால் அவர்களே உண்டாக்கினார்கள். கட்டளையை ஜிபிடி-3 எழுதியது. சோடிப் படங்களை ஸ்டேபிள் டிஃப்யூஷன் வரைந்தது. மொத்தம் நாலரை லட்சம், எல்லாமே கற்பனைச் சரக்கு. அதில் பழகிய யந்திரம் நிஜ போட்டோவிலும் வேலை செய்தது.

அதில் இரண்டு திருகு வைத்திருந்தார்கள். பழைய படத்தை எவ்வளவு காப்பாற்ற வேண்டும் என்பதற்கு ஒன்று, சொன்னதை எவ்வளவு கேட்க வேண்டும் என்பதற்கு ஒன்று. லேஅவுட் ஆர்ட்டிஸ்டுகள் எல்லாரும் காலம் காலமாக அந்த இரண்டு திருகுக்கு நடுவில்தான் பிழைக்கிறோம்.

*

நான் தொழிலுக்கு வந்தபோது போட்டோஷாப்பில் லேயர் வந்துவிட்டது. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறேன். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள். பொட்டைத் தாளோடு நகர்த்தினால் சேலைக்குத் தெரியவே தெரியாது.

ஏஐ படத்தில் தாள் கிடையாது. பிசைந்த மாவு மாதிரி எல்லாம் ஒன்று. ஓரத்தில் அமுக்கினால் நடுவில் புடைக்கும். தூணுக்கு நிறம் மாற்றச் சொன்னேன்; பாட்டியின் தலைமுடிக்கும் அந்தப் பழுப்பு ஏறியது. அதனால் லேயர் செய்த வேலையை இப்போது வாக்கியம் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டாம் நாள் நான் தட்டிக்கொண்டிருந்தது இப்படி: “தூணின் நிறத்தை மட்டும் அடர் பழுப்பாக மாற்று. பாட்டியின் முகம், முடி, உட்கார்ந்திருக்கும் விதம், சேலை, திண்ணை, வெளிச்சம் வரும் திசை, கேமரா கோணம், படத்தின் ஓரங்கள் இருந்தபடியே இருக்கட்டும். மற்றதைத் தொடாதே.”

பக்கத்து சீட்டுத் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். “என்னண்ணே, மாத்தச் சொல்றதைவிட மாத்தாதேன்னு சொல்றதுதான் நெறைய இருக்கு?”

“முடி வெட்டப் போனா நீ என்ன சொல்லுவே?”

யோசித்தான். “மேல தொடாதீங்க, சைடு மட்டும்னு சொல்லுவேன்.”

*

சேலை சரியாக வந்தது என்று நான் நம்பியதால் ‘சேலையைத் தொடாதே’ என்பதை எல்லா பிராம்ப்டிலும் ஒட்டிவிட்டேன். ஒரே ஒரு முறை முந்தானை வலது தோளுக்குப் போனது. பாட்டியை இடப்பக்கம் திருப்பச் சொல்லியிருந்தேன். அது திருப்பாமல் படத்தையே கண்ணாடிப் பிம்பமாகக் கவிழ்த்துவிட்டது. இடம் வலம் சொல்வதில் பெரிய தொல்லை, யாருடைய இடம் என்பது. இப்போதெல்லாம் “படத்தைப் பார்ப்பவருக்கு இடப்பக்கம்” என்றுதான் எழுதுகிறேன். அதைவிட நல்லது “தூண் இருக்கும் பக்கம்”.

*

எந்த மொழியில் சொல்வது?

தமிழிலேயே தட்டிப் பார்த்தேன். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் பிராம்ப்டைப் படித்தது கிளிப் என்ற மொழிப்பகுதி. ஆங்கிலத்தில் பழகியது, ஒரு தடவைக்கு 77 டோக்கன்தான், அதாவது சொல் துண்டுகள்தான், கொள்ளும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் கணினிக்கு 3 பைட். ‘கோ’ என்ற ஒரே எழுத்து 6 பைட். தமிழில் ஒரு வாக்கியம் எழுதினாலே கூடை நிரம்பிவிடும், உள்ளே போனதும் புரிந்திருக்காது. இப்போதைய கருவிகளுக்குத் தமிழ் தெரியும். தெரிவதில்தான் வேறு வேடிக்கை.

“பித்தளைச் செம்பு” என்றேன். பாதி மஞ்சள், பாதி சிவப்பாக ஒரு பாத்திரம் வந்தது. செம்பைச் செப்பு உலோகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் கோபப்பட முடியவில்லை.

“பாம்படம்” என்றேன். பாட்டியின் காதில் ஒரு சின்னப் பாம்பு தொங்கியது. தம்பி நாற்காலியிலிருந்து விழாத குறை. பாம்பின் படம் போன்ற வடிவம் என்றுதான் அந்த நகைக்குப் பெயர்க்காரணம் சொல்வார்கள், ஆகவே யந்திரம் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது. அச்சுக்குத்தான் உதவாது.

*

பாம்படத்தோடு ஒன்றரை நாள்.

தம்பி, “தண்டட்டின்னு படம் வந்துச்சே, அதாண்ணே?” என்றான். அது தண்டட்டி, இது பாம்படம், வேறு நகை என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வட்டாரப் பையனுக்கே இந்த நிலை என்றால் யந்திரத்தை என்ன சொல்ல?

திண்ணைக்குச் செய்ததையே இங்கும் செய்தேன். “காது மடலின் கீழ்ச்சதை தோள்வரை நீண்டு தொங்குகிறது. அதன் நடுவில் பெரிய துளை. அந்தச் சதை வளையத்தில் கனமான தங்க நகை: ஒரு உருண்டை, ஒரு சதுரக்கட்டி, ஒரு முக்கோணத் தகடு, ஒன்றோடொன்று ஒட்டியவை.” காது நீண்டது. கூடவே கழுத்தில் பாசிமணி அடுக்கடுக்காக ஏறியது, தோல் நிறம் மாறியது, பாட்டி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் குடிபோய்விட்டாள். நீண்ட காது என்றால் அதற்குத் தெரிந்த படங்கள் மாசாய் மக்களுடையவை போலும். ஒரு சொல்லை அழைத்தால் அதன் சொந்தபந்தம் முழுக்கப் பந்திக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது மாஸ்க். படத்தில் காதுப் பகுதியை மட்டும் தூரிகையால் பூசி, “இதற்குள் மட்டும் மாற்று” என்பது. முகம் தப்பித்தது. ஆனால் பழைய ஜிமிக்கியைச் சுற்றி இறுக்கமாகப் பூசியிருந்தேன்; புது நகையும் ஜிமிக்கி அளவிலேயே வந்தது. பூசிய இடத்தின் வடிவத்தையே அது ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. தோள்வரை தாராளமாகப் பூசினேன், நகையின் நிழல் விழும் கழுத்துப் பகுதியையும் சேர்த்து. இந்தத் தடவை உருண்டை வந்தது, சதுரம் வந்தது. முக்கோணம் மட்டும் பாட்டியின் கழுத்தில் தாலி மாதிரி தொங்கியது.

புதன்கிழமை ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஆச்சியின் போட்டோ. நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. காதில் பாம்படம். கை கழுவிவிட்டு, காதை மட்டும் செல்போனில் கிட்டத்தில் எடுத்தேன். இரண்டு படங்களையும் சேர்த்துக் கொடுத்து ஒரே வரி தட்டினேன்: “இரண்டாம் படத்தில் உள்ள காதையும் நகையையும் முதல் படத்துப் பாட்டிக்கு வை. மற்றதைத் தொடாதே.” முதல் முயற்சியிலேயே வந்தது.

கதைக்காரர் என்ன நினைத்து எழுதினாரோ, அச்சில் வந்தது எங்கள் ஆச்சியின் காது.

*

சுவர்க் கடிகாரம் வேண்டுமென்று ஆசிரியர் இடையில் சொன்னார். நாலரை மணி காட்டச் சொன்னேன். பத்து பத்து காட்டியது. எத்தனை முறை கேட்டாலும் பத்து பத்து. கடிகார விளம்பரங்களில் முள்ளை அப்படித்தான் வைப்பார்கள்; அதைப் பார்த்தே வளர்ந்த யந்திரம். முள் இரண்டையும் நானே வரைந்துவிட்டேன்.

*

திருத்தத்தின் மேல் திருத்தம் போடாதீர்கள். இது கை சுட்டுக் கற்றது.

முதலில் திண்ணை, அந்தப் படத்தின் மேல் தூண், அதன் மேல் செம்பு என்று போய்க்கொண்டிருந்தேன். ஏழாவது திருத்தத்தில் பாட்டிக்கு ஐம்பது வயது. முகச் சுருக்கங்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வழுவழுத்து, ஒரு மஞ்சள் பூச்சும் ஏறியிருந்தது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போன்ற சங்கதி. பெரும்பாலான கருவிகள் படத்தை அப்படியே தொடுவதில்லை, சுருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்பில் 512க்கு 512 புள்ளிகள் கொண்ட படம் உள்ளே 64க்கு 64 கட்டமாகச் சுருங்கும். வேலை முடிந்ததும் விரியும். சுருக்கி விரிக்கும்போதெல்லாம் நுண்ணியது ஏதாவது போகும். கிழவியின் முகத்தில் நுண்ணியது என்றால் சுருக்கம்தானே.

இப்போது என் வழி இது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதல் படத்தின் மேல் தனித்தனியாகச் செய்து பார்க்கிறேன். எது சரியாக வந்ததோ அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டோஷாப்பில் முதல் படத்தின் மேல் லேயராக வைக்கிறேன். ஆறாம் படத்துத் தூண், பதினொன்றாம் படத்துச் செம்பு, ஆச்சி காது. சுற்றிச் சுற்றி லேயருக்கே வந்து சேர்ந்தேன்.

*

படத்துக்குள் தமிழ் எழுத்து கேட்காதீர்கள். பின்னால் பெட்டிக்கடைப் பலகை ஒன்று இருந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எந்த எழுத்தும் இல்லை. ‘கொ’ என்பதற்கு இரண்டு புறமும் உறுப்பு இருப்பதை, எழுத்தைச் சித்திரமாகப் பார்க்கிற ஒன்று எப்படிக் கற்கும்? “பலகை வெறுமையாக, ஒரே நீல நிறமாக இருக்கட்டும்” என்று கேட்டு வாங்கி, எழுத்தை நாமே ஏற்றிவிடலாம்.

*

வாட்ஸப்பில் சுற்றும் பிராம்ப்டுகளைத் தம்பி சேர்த்து வைக்கிறான். 2025 செப்டம்பரில், கூகிளின் ‘நானோ பனானா’ என்ற படக் கருவி வந்த கையோடு, தங்கள் போட்டோவைச் சேலை கட்டிய பழைய சினிமாக் கதாநாயகியாக மாற்றும் ஆசை நாடு முழுக்கப் பரவியதே, அந்தக் காலத்துச் சரக்கு நிறைய வைத்திருக்கிறான். “8கே, சினிமாத்தனமான ஒளி, தலைசிறந்த படைப்பு” என்று மந்திரம் மாதிரி நீளும். இதைத் திருத்தத்தில் சேர்த்தால் செம்பை மாற்றச் சொன்ன இடத்தில் பாட்டியின் தோலில் துவாரங்கள் தெரிய ஆரம்பிக்கும், வானம் ஆரஞ்சாகும். ‘தலைசிறந்த’ என்பதும் நான் சொன்ன ‘நம்ம ஊர் மாதிரி’யும் ஒரே சாதி.

*

தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் சொன்னது. இறந்துபோனவரின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும். வீட்டில் இருந்தது ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படம். ஏஐயில் கொடுத்து “தெளிவாக்கு” என்றிருக்கிறார். கண், புருவம், மீசை எல்லாம் ஊசி முனையாக வந்தது. அவருக்கே பெருமை. வீட்டார் வந்து பார்த்தார்கள். மகன் நல்லா இருக்கு என்றாராம். மனைவி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது அவுக இல்லியே தம்பி” என்றாராம்.

மங்கலான இடத்தில் என்ன இருந்தது என்று யந்திரத்துக்குத் தெரிய வழியில்லை. அதற்குத் தெரிந்த ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து பொருத்தமாக ஒன்றை எடுத்து நிரப்புகிறது. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தவர்களும் தழும்பை மறைத்தார்கள், கன்னத்தை மெழுகினார்கள். அதில் கைவைத்த இடம் கைவைத்தவருக்குத் தெரியும். ‘தெளிவாக்கு’ என்ற சொல்லுக்குள் எத்தனை இடத்தில் கை வைக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. “கீறலையும் கறையையும் மட்டும் எடு, முகத்தைத் தொடாதே” என்று சொல்லி, மங்கல் மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் அந்த அம்மா அவரை அடையாளம் கண்டிருப்பார்.

*

2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் செய்த படத்துக்கு டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு கிடைத்தது. குறைந்தது 624 முறை பிராம்ப்டை எழுதித் திருத்தியதாகச் சொல்லிப் பதிப்புரிமை கேட்டார். 2023இல் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பிராம்ப்ட் மட்டும் போதாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் சொன்னார்கள்.

என் கணக்கு 43. அதற்கே முதுகு விட்டுப்போயிற்று, ஆகவே 624இன் அருமை எனக்குத் தெரியும். கூலி கேட்டால் நியாயம். படத்தின் கீழே என் பெயரைப் போடட்டுமா என்று ஆசிரியர் கேட்டபோது வேண்டாம் என்றேன். ‘ஏஐ படம்’ என்று சின்ன எழுத்தில் போட்டோம்.

*

இதழ் வந்து இரண்டு வாரம் கழித்து தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். வயதானவர் என்று கையெழுத்திலேயே தெரிந்தது. கதையைப் பற்றி ஒரு வரி. பாம்படம் அச்சாக இருந்தது என்று ஒரு வரி. பிறகு, “அந்தக் காலத்து ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார்கள். உங்கள் பாட்டிக்கு முன்னால் கொசுவம் வைத்திருக்கிறீர்கள். இப்படிக் கட்டி நான் யாரையும் பார்த்ததில்லை.”

படத்தை எடுத்துப் பார்த்தேன். முன்னால்தான் இருக்கிறது, இஸ்திரி போட்ட மாதிரி ஆறு மடிப்பு. முதல் படத்திலிருந்தே இருந்திருக்கிறது. ‘சேலையைத் தொடாதே’ என்று அத்தனை முறையும் நான்தான் தட்டியிருக்கிறேன்.